படம் முடிந்த பிறகு ரிங்கு எறிந்த பந்து

2022இல் டபிள்யூ டபிள்யூ ஈ மல்யுத்தம் பார்த்த வீடுகளில் வீர் மஹானைத் தெரியாத பிள்ளை இருந்திருக்காது. நெற்றியில் மூன்று பட்டை, இடுப்பில் கறுப்பு வேட்டி, கண்ணில் நெருப்பு. எதிரே நிற்பவரை மூட்டை தூக்குகிற மாதிரித் தூக்கிப் போட்டுவிட்டுப் போவார். சரி, கொஞ்சம் கிட்ட வாருங்கள், ஒரு சங்கதி சொல்கிறேன். அந்த மனிதர் ஒரு பேஸ்போல் பந்து வீச்சாளர்! அதுவும் பொழுதுபோக்குக்கு இல்லை. அமெரிக்காவில் சம்பளத்துக்கு எறிந்தவர்.

சொந்தப் பெயர் ரிங்கு சிங். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டம், 1988இல் பிறப்பு. அப்பா லொறிச் சாரதி, கூடப் பிறந்தவர்கள் வீடு நிறைய. பையன் லக்னோவில் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தான். பேஸ்போல் என்ற ஒன்றை அதுவரை கண்ணால் கண்டதில்லை.

இந்த நேரத்தில்தான் ஜே. பி. பேர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர், விளையாட்டு வீரர்களுக்கு முகவராக இருந்தவர், ஒரு கணக்குப் போட்டார். இத்தனை கோடிப் பேர் கிரிக்கெட் பந்து வீசுகிற நாட்டில் பேஸ்போல் எறிய ஒரு கை கிடைக்காதா? 'மில்லியன் டொலர் ஆம்' என்று ஒரு போட்டி வைத்தார். ஊர் ஊராகப் போய், வேகத்தை அளக்கும் கருவியை நிறுத்தி, வாருங்கள் எறியுங்கள் என்று கூப்பிட்டார்கள். 37,000க்கும் மேற்பட்டவர்கள் வந்து எறிந்தார்கள். 2008இல் வென்றது யார் என்கிறீர்கள்? கிரிக்கெட் வேகப்பந்து வீச்சாளர் ஒருவரும் இல்லை! முதலாவது ரிங்கு, இரண்டாவது அதே கல்லூரியின் தினேஷ் பட்டேல். இருவருமே ஈட்டிக்காரர்கள். ரிங்குவின் இடது கையிலிருந்து பந்து மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீற்றர் வேகத்தில் போனது. பரிசு ஒரு இலட்சம் டொலர்.

ஏன் கிரிக்கெட்காரர்கள் தோற்றார்கள்? எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று போவோம். கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நிமிர்த்தி எறிந்தால் நடுவர் கையை நீட்டிவிடுவார். முத்தையா முரளிதரனின் முழங்கையைக் கமராக்களுக்கு நடுவே வைத்து எத்தனை தரம் அளந்தார்கள்! 15 பாகை வரைதான் சலுகை. பேஸ்போலிலோ முழங்கையை மடக்காமல் பிழைப்பே இல்லை. அங்கே ஓடி வரவும் விடமாட்டார்கள். 10 அங்குல உயர மண்மேட்டில் நிற்க வேண்டும், ஒற்றைக் காலைத் தூக்க வேண்டும், முன்னே பாய்ந்து ஊன்றிச் சுழற்ற வேண்டும். பந்து நிலத்தில் படக்கூடாது. நம் வயல்வெளி ஆட்டத்தில் சிக்ஸர் வாங்கித் தருகிற அந்தப் புல்டோஸ்தான் அவர்களுக்குத் தொழில். தூரம் 60 அடி 6 அங்குலம், கிரிக்கெட் ஆடுகளத்தைவிட ஐந்தரை அடி குறைவு. பந்தும் கிரிக்கெட் பந்தைவிட ஒரு பத்துப் பதினைந்து கிராம் லேசானது. வருடக்கணக்காகக் கையை நேராக வைக்கப் பழகியவனுக்கு இது தலைகீழ்ப் பாடம். ஈட்டிக்காரனுக்கோ காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கையைச் சாட்டையாக வீசுவது ஏற்கனவே உடம்பில் இருக்கிறது.

இருவரையும் லொஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிப் போய் டொம் ஹவுஸ் என்ற பயிற்சியாளரிடம் விட்டார்கள். இவரே ஒரு சுவாரசியமான ஆள். 1974இல் ஹாங்க் ஆரன் பேப் ரூத்தின் சாதனையை முறியடித்து 715ஆவது ஹோம் ரன் அடித்தாரே, வேலிக்கு அப்பால் நின்று அந்தப் பந்தைப் பிடித்தவர் ஹவுஸ்தான். பின்னாளில் நோலன் ரயன் போன்ற ஜாம்பவானுக்கே பயிற்சி கொடுத்தார். ஆங்கிலமும் புதிது, ஆட்டமும் புதிது என்று வந்து நின்ற இரண்டு பையன்களை அரை வருடத்தில் தயார் செய்தார். நவம்பரில் அரிசோனாவில் தேர்வாளர்கள் முன்னிலையில் எறிந்தார்கள். அந்த மாதம் 24ஆம் திகதி பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்போலில் ஒப்பந்தமான முதல் இந்தியர்கள் இவர்கள்தான்.

இந்தக் கதையை வைத்து டிஸ்னி 2014இல் வெளியிட்ட படம் ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. பேர்ன்ஸ்டைனாக ஜோன் ஹாம், ரிங்குவாக சூரஜ் ஷர்மா, இசை நம்முடைய ஏ. ஆர். ரஹ்மான். படத்துக்குள் ஒரு கூத்து இருக்கிறது, கவனித்தீர்களா? பேர்ன்ஸ்டைன் கிரிக்கெட்டையும் தொலைக்காட்சியில் பாடகி சூசன் பொயில் பாடுவதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு யோசனை உதிக்கும். சூசன் பொயில் அந்தப் பாட்டைப் பாடி உலகம் அறிந்தது 2009 ஏப்ரலில். பையன்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அதற்குள் ஐந்து மாதம் ஆகிவிட்டது!

படம் காட்டாத கதை புளோரிடாவில் இருக்கிறது. பிராடென்டன் நகரில் பைரட்ஸின் பயிற்சி வளாகம். மேஜர் லீக் என்ற உச்சிக்கு ஏறுகிற ஏணியில் கல்ஃப் கோஸ்ட் லீக் அப்போது அடிப்படி. உச்சி வெயிலில் ஆட்டம், டிக்கெட் கிடையாது, பார்க்க வருகிறவர்களை எண்ணிவிடலாம். சம்பளம் மாதம் ஆயிரம் டொலர் சொச்சம், அதுவும் ஆட்டம் நடக்கிற மாதங்களுக்கு மட்டும். 2009 ஜூலை 4ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தில், இருவரும் முதல்முறை களமிறங்கினார்கள். 13ஆம் திகதி ஆட்டத்தில், பேஸ்போல் வழக்கப்படி வீச்சாளர் கணக்கில் எழுதுகிற வெற்றி ரிங்குவின் பெயரில் விழுந்தது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில் இந்தியர் ஒருவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

பேஸ்போலில் வீச்சாளரை எடை போடுவது, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் பொறுப்பில் சராசரியாக எத்தனை ஓட்டம் போனது என்பதை வைத்து. குறையக் குறைய நல்லது. முதல் வருடம் ரிங்குவுக்கு 5.84. அடுத்த வருடம் 2.61! ஒப்பந்தத்தை விளம்பர வேலை என்று சிரித்தவர்களுக்கு இந்த இரண்டு எண்களே போதும். தினேஷை 2010 இறுதியில் அணி விடுவித்தது, அவர் ஊர் திரும்பினார். ரிங்கு ஏணியில் ஏறினார். 2011இல் டொமினிக்கன் குடியரசு, நியூயோர்க்-பென் லீக், பிறகு மேற்கு வேர்ஜினியா பவர் அணி, குளிர்காலத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பெரா கவல்ரி. ஒரே வருடத்தில் மூன்று நாடு, பெட்டியைப் பிரித்துவைக்கக்கூட நேரம் இருந்திருக்காது. மேற்கு வேர்ஜினியாவுக்கு மேலே அப்போது இன்னும் மூன்று படி, அதற்கு மேலேதான் மேஜர் லீக்.

2013இல் முழங்கை விட்டுக்கொடுத்தது. எந்த மடக்கலால் பிழைத்தாரோ அதுவே வினையானது. முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால் வேறொரு தசைநாரை எடுத்துப் பொருத்துவார்கள். 1974இல் டொமி ஜோன் என்ற வீச்சாளருக்கு முதன்முதலில் செய்ததால் அந்தச் சிகிச்சைக்கு அவர் பெயர். தேறி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ரிங்குவுக்குப் பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. படம் திரையரங்குகளில் ஓடிய அதே வருடம் அதன் நாயகன் ஆட்டம் எதிலும் ஒரு பந்துகூட எறியவில்லை.

2018இல் மல்யுத்தத்துக்குப் போனார். 'வீர் மஹான் வருகிறார், வருகிறார்' என்று மாதக்கணக்கில் விளம்பரம் ஓட்டி, 2022 ஏப்ரலில்தான் இறக்கினார்கள். ரசிகர்கள் அதைவைத்துச் செய்த கேலி ஒருபுறம் இருக்க, அவர்களில் பலருக்கு இவர் பேஸ்போல் எறிந்ததே தெரியாது என்பதுதான் எனக்கு ஆதங்கம். என்னைக் கேட்டால், 5.84ஐ 2.61 ஆக்கிய அந்த ஒரு வருடம்தான் இந்த மனிதரின் பெரிய சாதனை. வளையத்துக்குள் ஆளைத் தூக்கிப் போட்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தோப்பூர், மூதூர்ப் பக்கத்து விளையாட்டு ஆசிரியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஈட்டியில் டோக்கியோ பராலிம்பிக் தங்கம் கொண்டுவந்த தினேஷ் பிரியந்த ஹேரத் நம் நாட்டுக்காரர். நம் இல்ல விளையாட்டுப் போட்டிகளிலும் ஈட்டியை வேலிக்கு அப்பால் அனுப்புகிற பிள்ளைகள் வருகிறார்கள், மாகாண மட்டத்தோடு நின்றுபோகிறார்கள். இலங்கைக்குத் தேசிய பேஸ்போல் அணி இருக்கிறது, ஹோமாகம தியகமையில் ஜப்பான் உதவியுடன் கட்டிய மைதானமும் இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு கையைக் கண்டால், சான்றிதழோடு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். பஸ்ஸில் ஏற்றித் தியகமைக்கு ஒரு தடவை அனுப்பிப் பாருங்கள்.