நோகாத கால்

வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் என்றால் புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சனமும் திரண்டுபோகும். கோயில் வீதியில் எல்லோரும் வெறுங்கால்தான். மணல் சுடச்சுட நாம் காலை மாற்றி மாற்றி வைப்போம், நிழலுக்கு ஓடுவோம். நெடுநாள் சீனி வருத்தக்காரர் சிலர் அதே மணலில் ஆறுதலாக நிற்பார்கள். வீடு வந்து கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்பளம் தெரியும்.

இரத்தத்தில் சீனி கூடிக்கிடந்தால் நரம்பு பழுதாகும். கால்விரல் நுனிவரை ஓடும் நரம்புகளே உடம்பில் மிக நீளமானவை; முதலில் கெடுபவையும் அவைதான். அதனால் விறைப்பு விரலில் தொடங்கி மேலே ஏறும். வியர்க்கவைக்கும் நரம்பும் கெட்டுப்போவதால் குதிக்கால் வறண்டு வெடிக்கும். செருப்புக் கழன்றது தெரியாமலே நடந்துபோகிறவர்களும் உண்டு.

இப்படி விறைத்த காலில் வரும் புண்ணின் சூட்சுமம் பிடிபட்டது தொழுநோயாளரிடம். 1914இல் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் போல் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் சதை தானாகவே அழுகி உதிரும் என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. பிராண்ட் அந்தக் கைகால்களில் அறுவைச் சிகிச்சை செய்தபோது வெட்டிய இடம் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. அப்படியானால் விரல்கள் எங்கே போயின? நோயாளரின் அன்றாடத்தைக் கூடவே இருந்து கவனித்தார். நோவு தெரியாததால் கொதிக்கும் சட்டியை வெறுங்கையால் தூக்கினார்கள். இரவில் எலி விரலைக் கடித்தாலும் விழிக்கவில்லை. வீடு திரும்புகிறவர்களுக்கு அவர் பூனை கொடுத்து அனுப்பினார்! எனக்கு மருத்துவ வரலாற்றிலேயே மிகவும் பிடித்த மருந்துச்சீட்டு அந்தப் பூனைதான்.

காலில் எலி கூடத் தேவையில்லை, நடையே போதும். நெடுந்தூரம் நடக்கையில் ஓரிடம் லேசாக நொந்ததும் நம்மை அறியாமலே பாரத்தை வேறு பக்கம் சாய்க்கிறோம். விறைத்த கால் அப்படிச் சாய்ப்பதில்லை. ஒரே இடம் ஆயிரக்கணக்கான தடவை அடிபடும், காய்ப்பு வரும், அந்தக் காய்ப்பே சப்பாத்துக்குள் கிடக்கும் கல்போல உள்ளே அமத்தும். அடியில் சதை செத்துப் புண் திறக்கும். 1960களில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், சீனி வருத்தக்காரரின் காலிலும் நடப்பது இதுதான் என்று எடுத்துச் சொன்னார்.

ஆகவே புண் ஆற முதலில் பாரம் இறங்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே காலோடு ஒட்டி வார்க்கும் மாக்கட்டு, எடையை உள்ளங்கால் முழுவதற்கும் கெண்டைக்காலுக்கும் பகிர்ந்துவிடும். 1930களில் இதைத் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்திய முன்னோடிகளில் ஒருவர் கொழும்பின் சத்திரசிகிச்சை நிபுணர் மில்ரோய் போல். சீழ் பிடித்த புண்ணுக்கும் இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் முதலில் வேறு வைத்தியம் வேண்டும்; அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் புண்ணின் மேலேயே நடந்துகொண்டு நாள்தோறும் மருந்து கட்டுவதால் மட்டும் அது ஆறிவிடாது.

வன்னியில் இந்த விஷயம் இன்னும் பாரமானது. எறிகணையிலும் மிதிவெடியிலும் ஒரு காலை இழந்தவர்கள் பலர் இப்போது சீனி வருத்தம் வரும் வயதை எட்டிவிட்டார்கள். மிஞ்சிய கால்தான் கூடுதல் பாரத்தைத் தாங்குகிறது. கிளினிக்கில் அந்தக் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையால் உணர்ச்சியைச் சோதிப்பார்கள். வீட்டில் விரல்நுனி போதும். அம்மாவையோ அப்பாவையோ கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு நொடி, மெல்லத் தொடுங்கள்; அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் சொல்லட்டும். ஆறில் இரண்டு இடமாவது தெரியாமல் போனால், புண் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் காலைக் காட்டுங்கள். அன்று முதல் தினமும் மாலையில் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் யாராவது பார்க்க வேண்டும். வற்றாப்பளைக்குப் போவதானால் வெயில் ஏற முன் போய்வரலாம்.