விரல் மரத்துப்போனால் மாத்திரையை நிறுத்தலாமா?

கண் அழுத்த நோய்க்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே போதும். அதனால் அழுத்தம் கட்டுப்படாதபோதோ, திடீரென ஏறிவிட்டபோதோ, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாட்களிலோதான் அசிட்டசோலமைடு மாத்திரையைத் தருகிறோம். டயமாக்ஸ் என்ற பெயரில் பலர் இதை அறிவர். 1950-களிலிருந்து வழக்கத்தில் உள்ள இம்மருந்து கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கிறது. அதனால் அழுத்தம் இறங்குகிறது.

மாத்திரையைத் தொடங்கியதும் பலருக்கு விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு ஏற்படும். பக்கவாதமோ என்று அஞ்சி, எவரிடமும் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு வருவோரை எங்கள் புறநோயாளிப் பிரிவில் காண்கிறோம். இரு கைகளிலும் இரு கால்களிலும் வந்து போகும் இவ்வுணர்வு மருந்தின் விளைவே. ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது வேறு. உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு விரையுங்கள். மாத்திரையைத் தாமே நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். பல வேளைகளில் வலி இராது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அந்நாட்களில் பார்வை நரம்புக்கு நேரும் இழப்பை எம்மருந்தாலும் மீட்க இயலாது.

சோடா சுவையற்றுப் போவதும் இம்மருந்தால்தான்; கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டா. சிறுநீர் அடிக்கடி பிரியும். வயிற்றைப் புரட்டினால் உணவுக்குப் பின் உட்கொள்ளலாம்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். முதியவர் சில வாரங்களில் சோறு வேண்டா என்பார், எந்நேரமும் படுத்திருப்பார், எதிலும் நாட்டம் இராது. வயதாகிவிட்டது என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். இதுவும் மருந்தின் விளைவாக இருக்கலாம். இரத்தத்தில் பொட்டாசியத்தையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதித்து அளவைக் குறைத்தால் பலர் தேறிவிடுவர்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 முதல் 1000 மி.கி. வரை, வேளைகளாகப் பிரித்துத் தருவது வழக்கம். அடுத்தவர் சீட்டிலுள்ள அளவு உங்களுக்குப் பொருந்தாது. மெதுவாகக் கரையும் 500 மி.கி. கேப்சூலை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்து விழுங்காதீர்கள்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், கருவுற்றவர்கள், ஆஸ்பிரினோ நீர் மாத்திரையோ உட்கொள்பவர்கள் முதல் மாத்திரைக்கு முன்பே எங்களிடம் தெரிவிக்க வேண்டும். தோலில் தடிப்பு, வாய்ப்புண், காரணமற்ற காய்ச்சல், தொண்டை வலி, இரத்தக் கசிவு, விலாவில் கடும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த மாத்திரையை விழுங்குமுன் எங்களை அழையுங்கள். இரவானாலும் தயங்க வேண்டா.

மறு பரிசோதனைக்கு வரும்போது மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள். எத்தனை மீந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். மீந்திருந்தால் கடிந்துகொள்ள மாட்டோம்; அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரியும்.