பவுடரா… பார்க்கா… ஒரே ஜோடிதான் தம்பி!

பைக் வாங்கப் போகிற ஆளை நிறுத்தி, ''எதுக்கு சார் பைக்?'' என்று கேட்டுப் பாருங்கள். ''ஆபீஸ் போகத்தான்'' என்பார். ஆனால், வாங்கி வந்து நிறுத்துவதென்னவோ இமயமலைக்கே ஏறுகிற மாதிரி ஒரு ராட்சச வண்டி! வருஷத்தில் முந்நூறு நாள் அது சைதாப்பேட்டை சிக்னலில் நின்று புகை குடிக்கும். லடாக் போவது? அடுத்த வருஷம்… அதற்கடுத்த வருஷம்… நாம் எல்லோருமே இப்படித்தான். என்றைக்கோ வரப்போகிற ஒரு நாளுக்காகக் கடைக்குப் போவோம்!

பனிச்சறுக்குக் கட்டை வாங்குகிற ஆசாமிகளும் இதே ஜாதிதான் என்பது, கனடா போனபோது தெரிந்தது.

சித்தி பையன் வான்கூவரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டுகிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மணி ஐந்தடித்ததோ இல்லையோ, காரின் கூரைமேல் இரண்டு நீளக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு வடக்கே பறக்கிறான். சுமார் 120 கிலோமீட்டரில் விஸ்லர். 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்த ஊர். விஸ்லர், பிளாக்கோம் என்று இரண்டு மலைகள். இரண்டுக்கும் நடுவே 4.4 கிலோமீட்டருக்கு ஒரு கேபிள் கார், அந்தரத்தில்! நான் ஏழு சட்டை போட்டுக்கொண்டு அடிவாரத்தில் காபி கப்பைக் கட்டிப்பிடித்து நின்றேன். அவன் மேலேயிருந்து குதித்துக் குதித்து வந்தான்.

அவனுடைய பழைய கட்டையின் இரும்பு விளிம்பு விரிசல் விட்டுவிட்டது. புதுசு வாங்க வேண்டும். கையிருப்பு 1,200 கனடா டாலர். ஒரு ஜோடிக்குத்தான் வழி. ஆசையோ இரண்டு. ''பவுடர்லயும் போகணும்ணே, பார்க்லயும் ஆடணும்ணே!''

குட்டிகூரா இல்லை!

பவுடர் என்றால் முகத்துக்குப் போடுவதில்லை. ராத்திரி முழுக்கப் பெய்து, யார் காலும் படாமல், முழங்காலளவு கிடக்கிற புதுப் பனி. அதில் வெறும் பூட்சோடு இறங்கினால் இடுப்பு வரை உள்ளே! கட்டையோடு இறங்கினால் மிதக்கலாம்.

எப்படி? எல்லாம் நம்ம வகுத்தல் கணக்குதான். ஆள், உடை, சாமான் எல்லாம் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். இரண்டு பூட்ஸ் அடிப்பாகமும் சேர்ந்தால் சுமார் 600 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 133 கிராம் பாரம். அதே ஆள் 180 சென்டிமீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலக் கட்டைகள் மேல் நின்றால் பரப்பு 3,600. பாரம் 22 கிராம்தான். ஆறில் ஒரு பங்கு! ஆகவே பவுடர்காரர்களுக்கு அகலம்தான் முக்கியம். காலுக்கு நேர்கீழே இருக்கிற இடுப்பு அகலத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள். கெட்டிப் பாதையில் ஓடும் கட்டைக்கு 65லிருந்து 80. பவுடர் கட்டைக்கு 105லிருந்து 120, அதற்கும் மேலே. முனைகள் இரண்டும் படகு மாதிரி மேலே தூக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு பனியில் குத்தும். பின்னாடியே நம் மூக்கும்!

சுண்டலும் இல்லை!

பார்க் என்றால் நம் பனகல் பார்க் மாதிரி பெஞ்சு, சுண்டல், ஓய்வுபெற்ற தாசில்தார்கள் எல்லாம் கிடையாது. மலைச்சரிவில் இவர்களாகவே பனியைக் குவித்து மேடுகள் கட்டுகிறார்கள். நடுநடுவே மாடிப்படிக் கைப்பிடி மாதிரி இரும்புக் கம்பிகள். வேகமாக வந்து, மேட்டில் எகிறி, ஆகாயத்தில் இரண்டு சுற்று சுற்றி, இறங்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கினால் கைதட்டல். கம்பிமேல் ஏறி 'சர்ர்ர்'ரென்று வழுக்கினால் இன்னும் பெரிய கைதட்டல்.

இதற்கு வேண்டிய கட்டை வேறு ரகம். குட்டையாக, லேசாக, 85லிருந்து 95 மில்லிமீட்டர் இடுப்போடு இருந்தால் சுற்றுவதற்குச் சுலபம். நடுவில் வில் மாதிரி வளைவு வேண்டும். அதுதான் எகிறும்போது உந்தித் தள்ளும். பின்னோக்கி இறங்க, முன்னே மாதிரியே பின்னேயும் வளைந்த இரட்டை முனை வேண்டும். கம்பியில் தேய்ந்து சாகாதபடி விளிம்பு தடிமனாக இருக்க வேண்டும்.

ஒரு சின்ன பிளாஷ்பேக்

முன்காலத்தில் எல்லாக் கட்டையும் ஒல்லிக்குச்சிதான். 1988ல் ஆஸ்திரியாவின் அட்டாமிக் கம்பெனி பவுடருக்கென்றே ஓர் அகலக் கட்டை கொண்டுவந்தது. 'குண்டு' என்று கேலி பேசியவர்கள்கூடப் பின்னால் அதைத் தேடிப் போனார்கள். 1998ல் சாலமன் கம்பெனியின் 'டென் எய்ட்டி' வந்தது. மைக் டக்ளஸ், ஜே.பி. ஆக்லேர் போன்ற கனடாக்காரர்கள் சேர்ந்து உருவாக்கிய இரட்டை முனைக் கட்டை. அதுவரை பார்க் என்பது ஸ்னோபோர்டுக்காரர்களின் ராஜ்யம். அதற்குப் பிறகு இவர்களும் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

வான்கூவரில் பிறந்த ஷேன் மெக்காங்கி இன்னொரு படி மேலே போனார். 'ஆழமான பனி, தண்ணீர் மாதிரிதானே? அப்படியானால் தண்ணீரில் சறுக்குகிற கட்டை மாதிரி ஏன் செய்யக் கூடாது?' என்று கேட்டார். 2002ல் வோலன்ட் கம்பெனி அவருக்காகச் செய்த கட்டையின் பெயர் 'ஸ்பாச்சுலா'. நம் வீட்டுத் தோசைத்திருப்பிதான்! நடுவில் அகலம், இரண்டு முனையும் மேல்நோக்கி. சிரித்த கம்பெனிகள் எல்லாம் அந்தப் படகு வளைவைப் பிற்பாடு எடுத்துக்கொண்டன. மெக்காங்கி 2009ல் இத்தாலி மலையில், கட்டையோடு குதித்துப் பாராசூட்டில் இறங்கும் சாகசத்தில் உயிர்விட்டார். காலில் மாட்டியிருந்த கட்டை நேரத்துக்குக் கழலவில்லை.

பார்க் ஆட்டமும் சும்மா விடவில்லை. 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஸ்லோப்ஸ்டைல், 2022 பெய்ஜிங்கில் பிக் ஏர் என்று ஸ்கீ பதக்கப் பட்டியலிலேயே உட்கார்ந்துவிட்டது.

பேரேடு பேசட்டும்

தம்பியின் சிக்கல் புரிகிறதா? பவுடர் 'நீளமா வாங்கு' என்கிறது, பார்க் 'குட்டையா வாங்கு' என்கிறது. அது 'அகலம்' என்றால் இது 'ஒல்லி'. கால் மாட்டுகிற பைண்டிங்கைக்கூட, பவுடருக்கு மையத்திலிருந்து ஆறு, எட்டு சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் மூக்கு மேலே மிதக்கும். பார்க்குக்கு மையத்தை ஒட்டியே வைத்தால்தான் முன்னும் பின்னும் சமமாகச் சுற்றும்.

கடையில் அவன் கை நேராக 118 மில்லிமீட்டர் கட்டைக்குத்தான் போனது. மேலே பனிமலைப் படம் வேறு!

''வருஷத்துல எத்தனை நாள்டா பவுடர் கிடைக்கும்?''

''பாதி நாள்ணே!''

பி.காம். படித்தவனிடம் வாய்க்கணக்கு செல்லுமா? போனில் போன சீசன் முழுக்கப் பதிவாகியிருந்தது. கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து நாள் நாளாக எழுதினோம். மொத்தம் 24 நாள். பார்க்கில் 13. காலையில் ஐஸ், மத்தியானம் சேறு என்று கெட்டிப் பாதையில் 7. முழங்கால் பவுடர்… நாலே நாலு!

தம்பியின் முகம் வாடிவிட்டது. ''அந்த நாலு நாளுக்காகத்தாண்ணே மிச்ச இருபது நாளும் போறேன்'' என்றான்.

இந்த ஒரு வரியில் நான் கொஞ்சம் ஆடிப்போனேன். சரிதானே? தீபாவளியும் ஒரு நாள்தான், அதற்காகப் புதுச்சட்டை எடுக்காமலா இருக்கிறோம்? நாலு நாளைத் தள்ளுபடி செய்யக் கூடாது. ஆனால், இருபது நாளையும் அதற்குப் பலி கொடுக்கக் கூடாது.

நடு வழி கிடைத்தது. இடுப்பு 100 மில்லிமீட்டர். இரட்டை முனை. காலுக்குக் கீழே வில் வளைவு, இரண்டு நுனியிலும் படகு வளைவு. ஐந்தடி எட்டரை அங்குல ஆளுக்கு 178 சென்டிமீட்டர். நுனி நிமிர்ந்திருப்பதால் பாதையில் அது குட்டைக் கட்டை மாதிரியே திரும்பும். பைண்டிங் மையத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் பின்னால். போதாதற்கு இயற்கையும் ஒரு சலுகை தருகிறது. விஸ்லர் கடலோர மலை. அங்கே விழுகிற பனி உள்நாட்டு மலைப் பனியைவிடக் கனம், ஈரம். கனமான பனி கொஞ்சம் கூடுதலாகவே ஆளைத் தாங்கும். 118 இல்லாமலே ஒப்பேற்றலாம்.

முட்டிக்கு விலை என்ன?

அடுத்தது பைண்டிங். எவ்வளவு முறுக்கினால் பூட்ஸ் கழலும் என்பதற்கு அதில் ஓர் எண் உண்டு. ''பன்னிரண்டு வைங்க'' என்றான் தம்பி. ''பார்க்ல நடுவானத்துல கழண்டுச்சுன்னா மானம் போயிடும்.'' நண்பன் ஒருவன் சொல்லிக் கொடுத்த வித்தையாம்.

''அந்த நண்பன் இப்ப எங்கே?''

''முட்டி லிகமென்ட் கிழிஞ்சு ஆபரேஷன் ஆகி, வீட்ல இருக்கான்ணே…''

நல்லவேளை, பட்டறைப் பெண்மணி கறார்ப் பேர்வழி. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், திறமை எல்லாம் கேட்டு அட்டவணை பார்த்து ஏழுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு எண்ணைக்கூட ஏற்ற மறுத்துவிட்டார். கழன்றுவிட்டால் முட்டி கட்டாயம் தப்பும் என்று கியாரண்டி இல்லை. ஆனால், கழலவே கழலாத கட்டையோடு கோணலாக விழுந்தால், ஒன்றரை மீட்டர் நெம்புகோலுக்கும் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது முட்டிதான். பழைய பைண்டிங் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதும் ஆபத்து. கம்பெனி பொறுப்பேற்பதை நிறுத்திவிட்ட மாடல்களைப் பட்டறைகள் கையாலேயே தொடாது. பிரேக் அகலம் கட்டையின் இடுப்புக்குப் பொருந்துகிறதா என்பதையும் வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

அன்று ராத்திரி சித்தி போன்.

''கட்டை வாங்கிட்டானாமே?''

''வாங்கிட்டான் சித்தி. பயப்படாதீங்க. கீழே விழுந்தா தானா கழண்டுக்கும்.''

''அதுக்கு மாட்டிக்காமலே இருக்கலாமேடா!''

பி.காம். சிலபஸில் இதற்கு விடை இல்லை!

மிச்சம் 259

போன சீசன் மாடல் என்பதால் கட்டை 560 டாலர். பைண்டிங் 220. பொருத்துகூலி 60. ஆக 840. மத்திய வரி 5, மாகாண வரி 7, மொத்தம் 12 சதவிகிதம் சேர்த்தால் 940 டாலர் 80 சென்ட். கையில் மிச்சம் 259 டாலர் 20 சென்ட். (அவசரமில்லாதவர்கள் மார்ச் கடைசி, ஏப்ரல் வரை காத்திருந்தால் தள்ளுபடி இன்னும் தாராளம். வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது அதைவிட லாபம்.)

கிளிப்பச்சையில் ஒரு ஜாக்கெட்டைத் தடவிக்கொண்டே நின்றான் தம்பி.

அதற்குள் பட்டறைப் பெண்மணி ஒரு விஷயம் சொல்லிவிட்டார். பவுடர் நாளில் பெரிய எமன் மரத்தடியில் இருக்கிறானாம். ஊசியிலை மரங்களின் கிளை, பனியைத் தடுத்துவிடுவதால் அடிமரத்தைச் சுற்றிக் கிணறு மாதிரி ஒரு பள்ளம். மேலே பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால், துழாவத் துழாவ மேலேயிருந்து பனி கொட்டி மூடும். பக்கத்தில் ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைக்கலாம். தனி ஆள் என்றால் சில நிமிஷத்தில் மூச்சு முட்டிப் போகும். கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே போனால் பனிச்சரிவு வேறு. அங்கே ரேடியோ கருவி, மண்வெட்டி, குத்திப் பார்க்கும் கம்பி, இதையெல்லாம் உபயோகிக்கத் தெரிந்த கூட்டாளி, நாலும் கட்டாயம்.

தம்பிக்கு அந்த நாலு நாள்தானே முக்கியம்? அந்த நாலு நாளில்தானே இத்தனை வம்பும் இருக்கிறது?

ஜாக்கெட்டை ஹாங்கரில் மாட்டச் சொல்லிவிட்டு, பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்புக்குப் பெயர் கொடுக்கவைத்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள். மிச்சப் பணம் அதோடு சரி. கணக்கு டாலி!

காபிக் காசு மட்டும் என் தலையில். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.