டிரக்டர் பெட்டிக்குப் பின்பக்கக் கமரா பூட்டுவது எப்படி?

கொழுந்து ஏற்ற வரும் டிரக்டர் மடுவத்துக்குப் பின்னோக்கி எடுக்கும்போது, டிரைவருக்கு இரண்டு பக்கக் கண்ணாடியிலும் தெரிவது பெட்டியின் விளிம்பு மாத்திரமே. பெட்டிக்கு நேர் பின்னால் குந்தியிருந்து விளையாடும் பிள்ளை எந்தக் கண்ணாடியிலும் விழாது. லயத்துக்கும் பிள்ளைக்காம்பராவுக்கும் பக்கத்திலேயே பாதை போகிற தோட்டங்களில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த ஆபத்து பெரிய நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் 2002இல் தகப்பன் ஒருவர் வீட்டு வாசலில் வாகனத்தைப் பின்னால் எடுத்தபோது அவருடைய இரண்டு வயது மகன் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனான். அந்தப் பிள்ளையின் பெயராலேயே 2008இல் ஒரு சட்டம் வந்தது. 2018 மே மாதம் முதல் அங்கே விற்கப்படும் புதிய கார்கள் எல்லாவற்றிலும் பின்பக்கக் கமரா இருக்க வேண்டும். வாகனத்துக்குப் பின்னால் 10 அடி அகலமும் 20 அடி நீளமுமான இடம் டிரைவருக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. ஆனால் நம்முடைய டிரக்டர் பெட்டிக்கு யாரும் கமரா பூட்டித் தரப்போவதில்லை. நாமேதான் பூட்டிக்கொள்ள வேண்டும்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டை விட்டு வன்னிக்குப் போன எங்கள் சொந்தக்காரரில் ஒரு குடும்பம் முல்லைத்தீவுக்குத் தெற்கே நாயாற்றில் இருக்கிறது. கலியாணமொன்றுக்குப் போயிருந்தோம். வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றி, கடற்கரை மணலில் பின்னோக்கி எடுக்கும் அவர்களுடைய டிரக்டர் பெட்டியில் கமரா இருந்தது. “ஒரு கிழமைதான் வேலை செஞ்சது அண்ணே, பிறகு திரை கறுத்துப்போச்சு. கமரா சரியில்லப் போல” என்றார் மருமகன்.

கழற்றிப் பார்த்தோம். கமரா நல்லாத்தான் இருந்தது. பிழை இருந்தது டிரக்டருக்கும் பெட்டிக்கும் நடுவில். வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். உப்புக்காற்று உள்ளே போய்ச் செம்பு பச்சை பூத்துவிட்டது. எர்த் வயரைப் பெட்டியின் இரும்பிலேயே முடிந்துவிட்டிருந்தார்கள். அப்படியென்றால் கரண்ட் திரும்பி வரும் வழி கொளுவி ஆணி ஒன்றுதான். கிறீசும் துருவும் ஏறி, குலுங்கிக்கொண்டேயிருக்கும் அந்த ஆணியை நம்பினால் படம் ஆடும், பிறகு அணையும். நாயாற்றில் உப்பு செய்ததை நம் மலையில் மழையும் பனிமூட்டமும் செய்யும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். பற்றரியின் நேர்முனையிலிருந்து வரும் சிவப்பு வயரில், பற்றரிக்குக் கிட்டவே, 3 அம்பியர் பியூஸ் ஒன்றைப் போடுங்கள். கமராவும் திரையும் சேர்ந்து ஒரு அம்பியர்கூட எடுப்பது அரிது. எதிர்முனையிலிருந்து கறுப்பு வயரை இரும்பில் விடாமல் கமராவரைக்கும் தனியாகவே கொண்டுபோக வேண்டும். மஞ்சள் தலையுள்ள கேபிள் படத்துக்குரியது. அதை வெட்டி முறுக்கக் கூடாது, பெட்டியின் நீளத்துக்கேற்ற முழுக் கேபிளாக வாங்குங்கள். பின் விளக்குக்கான ஏழு முள்ளுப் பிளக்கில் சிக்னல், பிரேக், எர்த் என்று எல்லா முள்ளுக்கும் வேலை இருக்கிறது. அதில் ஒன்றைத் திருடிக் கமராவுக்குக் கொடுத்தால் ஏதோவொரு விளக்கு போய்விடும். நான்கு முள்ளுள்ள, திருகிப் பூட்டும் தனிப் பிளக் கடைகளில் கிடைக்கிறது. அதன் முள்ளில் சிறிது வசிலின் பூசினால் பச்சை பிடிக்காது. டிரக்டரை இடமும் வலமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, இழுபடாமலும் நிலத்தில் உரசாமலும் இருக்கும்படி வயரைத் தளர விடுங்கள்.

பழைய டிரக்டர்களில் பலவற்றுக்கு ரிவேர்ஸ் விளக்கே கிடையாது. அவற்றுக்கு ஒரு சாதாரண சுவிட்ச் போதும். பிரித்தானியாவில் செய்த மிகப் பழைய சில டிரக்டர்களில் பற்றரியின் நேர்முனையை இரும்புச் சட்டத்தோடு கொடுத்திருப்பார்கள். பற்றரியைப் பார்க்காமல் வயரின் நிறத்தை நம்பிப் பூட்டினால் கமரா எரியும். லொறியென்றால் 24 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று முதலில் கேளுங்கள். வயர் இல்லாத கமராவும் விற்கிறார்கள். இரும்புப் பெட்டி நடுவில் நிற்கும்போது அதில் படம் விட்டுவிட்டு வரலாம், நமக்கு அது பிடிக்கவில்லை.

கமராவைப் பின்கதவில் பூட்டாதீர்கள். கதவைத் திறந்தால் அது நிலத்தைத்தான் பார்க்கும். உயரத்தில், அசையாத தூணில் பூட்டி, பெட்டியின் பின்விளிம்பு திரையின் கீழே கொஞ்சம் தெரியும்படி சரித்து வையுங்கள். பிறகு ஒருவரைப் பெட்டிக்குப் பின்னால் இடப்பக்கம் நிற்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் இடப்பக்கமே தெரிய வேண்டும். மாறித் தெரிந்தால் கமராவில் அதை மாற்ற வழி உண்டு. இதைக் கவனிக்காமல் விட்டால் பெட்டியை ஒடிக்கிற டிரைவர் நேர் எதிர்ப்பக்கம் ஒடித்துவிடுவார்.

நாயாற்றில் அன்று பின்னேரமே படம் வந்துவிட்டது. ஆனாலும் பெட்டியை எடுக்குமுன் மருமகன் இறங்கி ஒருதரம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார், அது எங்களுக்குப் பிடித்திருந்தது. சேறும் மழைத்துளியும் ஒட்டிய கண்ணாடியில் பிள்ளை தெரியாது. ஆகவே காலையில் டிரக்டரை எடுக்குமுன் கமராக் கண்ணாடியை ஈரத் துணியால் துடையுங்கள். பின்னோக்கும்போது திரை அணைந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெட்டியில் வெல்டிங் வேலை வந்தால் பாஸ் கைவைக்க முன்னமே அந்த நான்கு முள்ளுப் பிளக்கைக் கழற்றிவிட மறக்காதீர்கள்.