இலை தின்னும் மந்திக்கு ஏன் பெரிய வயிறு?

ஹுன்னஸ்கிரியவை அடுத்த நக்கிள்ஸ் காடுகளில் வாழும் ஊதாமுக மந்தி இலங்கைக்கே உரியது. அதன் முக்கிய உணவு இலை. ஆனால் இலைநாரான செல்லுலோஸை உடைக்கும் நொதி அதன் உடலில் சுரப்பதில்லை. பிறகு எப்படிச் செரிக்கிறது?

அதன் பெரிய இரைப்பை அறை அறையாகப் பிரிந்தது. அமிலம் குறைந்த முன்னறையில் பாக்டீரியாக்கள் நாரை நொதிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக்குகின்றன. மந்திக்கு அவையே சக்தி. வியப்பு பின்னறையில்தான்: லைசோசைம் என்னும் நொதி அந்தப் பாக்டீரியாக்களையே உடைக்க, அவற்றின் புரதமும் உணவாகிறது. இந்தியாவின் அனுமன் மந்தியிலும் மாட்டிலும் லைசோசைம் தனித்தனியே ஒரே விதமாக மாறியிருப்பதை 1987இல் ஸ்டூவர்ட், வில்சன் குழுவினர் காட்டினர். தூரத்து உறவான இரு விலங்குகளுக்கு ஒரே தீர்வு!

இனிப்புப் பழம் மிகுந்தால் நொதித்தல் வேகமெடுத்து முன்னறையில் அமிலம் ஏறிவிடும். ஆகவே வழியில் காணும் மந்திக்குத் தயவுசெய்து வாழைப்பழம் நீட்டாதீர்கள்.