இரட்டை கிளட்ச் கார்களின் சத்தம்: உத்தரவாதம் எதுவரை?

பெங்களூர் சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் தொடங்கி ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு கமர்ஷியல் தெரு நோக்கி மாலை வேளையில் செல்லும் கார், வழி நெடுகிலும் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையிலேயே ஊர்ந்து திணறுகிறது. இரட்டை கிளட்ச் வகைத் தானியங்கி கியர்பெட்டி நெடுஞ்சாலையில் காட்டாத குறைகளை வெளியே கொண்டுவருவது இத்தகைய நெரிசல் ஓட்டமே என்பதாலும், அக்குறைகள் பெரும்பாலும் சத்தமாகவே முதலில் வெளிப்படுகின்றன என்பதாலும், அந்தச் சத்தத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இந்நகரத்துக் கார் உரிமையாளர்களுக்கு ஏட்டளவில் நிற்பதன்று.

இக்கியர்பெட்டியில் கிளட்ச் தட்டுகள் இரண்டு தொகுதிகளாக உள்ளன. ஒன்று 1, 3, 5 ஆகிய ஒற்றைப்படை கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 ஆகிய இரட்டைப்படை கியர்களையும் இயக்குகிறது. ஒரு கியரில் கார் ஓடும்போதே அடுத்த கியர் ஆயத்தமாக்கி வைக்கப்படுவதால் மாற்றம் நொடிப்பொழுதில் நிகழ்கிறது. எண்ணெயில் மூழ்கியபடி இயங்குவது ஈர கிளட்ச், காற்றால் மட்டுமே குளிர்வது உலர் கிளட்ச் எனப்படும். ஃபோக்ஸ்வாகன் குழுமம் 2008-இல் அறிமுகப்படுத்திய, போலோ, வென்டோ, ஆக்டேவியா போன்ற கார்களின் வழியே இந்தியாவுக்கு வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டியும், ஃபோர்டு நிறுவனத்தின் ஆறு கியர் பவர்ஷிஃப்ட் பெட்டியும் உலர் வகையைச் சேர்ந்தவை. டாடா ஆல்ட்ரோஸ் காரில் 2022-இல் வந்த பெட்டி ஈர வகையைச் சேர்ந்தது. கார் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் முழுவதும் பற்றிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் வெப்பம் பெருகுகிறது. அதை வாங்கிச் செல்ல எண்ணெய் இல்லாத உலர் கிளட்சுக்கு நெரிசல் கூடுதல் சுமையாகிறது.

எல்லாச் சத்தமும் குறையன்று. நின்ற நிலையில் பின்னோக்கிச் செல்லும் கியரைப் போடும்போது கேட்கும் மெல்லிய ‘டக்’ ஒலியும், அடுத்த கியரை ஆயத்தமாக்கும் பொறியின் சிற்றொலியும் அமைப்பின் இயல்பாகலாம். ஆனால் கார் நகரத் தொடங்கும்போது உடல் உணரும் அளவுக்கு நடுக்கம் எழுவதும், குறைந்த வேகத்தில் மேடுபள்ளத்தில் ஏறி இறங்குகையில் கடகடவென்று உலோகம் உரசும் ஒலி வருவதும், சூடேறியபின் சத்தம் கூடுவதும், முடுக்கியபோது எஞ்சின் சுழற்சி உயர்ந்தும் வேகம் கூடாமலிருப்பதும் சோதித்தே தீர வேண்டியவை. கிளட்ச் மட்டுமின்றி, அதை இயக்கும் நெம்புகோல்கள், எஞ்சினின் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஃப்ளைவீல் சக்கரம், கட்டுப்பாட்டுக் கணினியும் எண்ணெய் அழுத்தப் பகுதிகளும் ஒன்றாக அமைந்த மெக்கட்ரானிக் ஆகியவற்றில் எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம்.

உரிமையாளர் ஒர்க்‌ஷாப்புக்குச் சென்றால் இரண்டு பதில்கள் வழக்கமாகக் கிடைக்கின்றன: ‘எல்லா வண்டியிலும் இப்படித்தான் இருக்கும்’ என்பது ஒன்று, ‘கிளட்ச் தேய்மானப் பொருள், அதற்கு வாரண்டி இல்லை’ என்பது மற்றொன்று. இரண்டாவது பதில் நியாயம்போல் தோன்றினாலும் ஆராயத்தக்கது. கையால் கியர் மாற்றும் காரில் கிளட்ச் மிதியின் மேல் கால் வைத்தபடியே ஓட்டித் தட்டைத் தேய்ப்பவர் ஓட்டுநர். ஆகவே அங்கே தேய்மானத்தை அவர் பழக்கத்தோடு இணைப்பதில் பொருள் உண்டு. இரட்டை கிளட்ச் காரிலோ கிளட்ச் மிதியே கிடையாது. எப்போது பற்ற வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதை நிறுவனம் எழுதிய மென்பொருளே தீர்மானிக்கிறது. ஏற்றத்தில் பிரேக்கைப் பயன்படுத்தாமல் முடுக்கியை அழுத்தியே காரை நிறுத்திப் பிடிப்பது போன்ற தவறுகள் ஓட்டுநரிடம் இருக்கக்கூடும் என்பது உண்மையே; அவ்வாறாயின் கிளட்ச் அளவுமீறிச் சூடான நிகழ்வு கணினியில் பிழைக்குறியீடாகப் பதிந்திருக்கக்கூடும். பதிவு எதையும் காட்டாமல் ஓட்டும் முறையைக் குறைகூறுவது ஆதாரமற்ற கூற்றேயாகும்.

இந்த வாதம் ஆஸ்திரேலியாவில் நீதிமன்றம் வரை சென்றது. ஃபியஸ்டா, ஃபோகஸ், சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலும் உருவான ஈகோஸ்போர்ட் ஆகிய கார்களின் பவர்ஷிஃப்ட் பெட்டி குறித்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக, அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஃபோர்டு ஆஸ்திரேலியா நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஒரே குறை பலருக்கும் நேர்ந்திருப்பதை அறிந்திருந்தும், நடுக்கத்துக்குக் காரணம் வாடிக்கையாளர் ஓட்டும் முறையே என்று சிலரிடம் நிறுவனம் கூறிவந்தது அவ்வழக்கின் மையம். சீனாவில் 2013 மார்ச் 15 அன்று அரசுத் தொலைக்காட்சி டிஎஸ்ஜி பெட்டியின் குறைகளை வெளிப்படுத்திய சில நாள்களில் ஃபோக்ஸ்வாகன் 3,84,181 கார்களைத் திரும்ப அழைத்தது. அங்கே அப்பெட்டிக்கான உத்தரவாதம் 10 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. மக்களின் புகார் ஒன்றுதிரண்டால் உத்தரவாதத்தின் எல்லை நகரும் என்பதற்கு இது சான்று.

இந்தியாவில் வழி 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆனால் சத்தம் வந்தவுடன் புதுக் கார் கிடைத்துவிடும் என்று எதிர்பார்ப்பது சரியன்று. உத்தரவாத நிபந்தனை குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதைப் பற்றியதேயன்றிக் காரையே மாற்றுவதைப் பற்றியதன்று என்று மாருதி உத்யோக் தொடர்பான வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஃபியட் இந்தியா தொடர்பான 2010-ஆம் ஆண்டு வழக்கோ இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அதில் எஞ்சினிலும் கியர்பெட்டியிலும் எழுந்த சத்தமே புகார். அது தவிர வண்டியை இயங்கவிடாத பெருங்குறை இல்லை என்று கண்ட நீதிமன்றம், சுயேச்சையான தொழில்நுட்ப வல்லுநர் உற்பத்திக் குறை உண்டு என்று கருத்துரைத்தால் காரின் விலையையும் ஆயுள்கால வரியையும் 12 விழுக்காடு வட்டியுடன் திருப்பித் தர வேண்டும் என்று பணித்தது. ஆகவே வழக்கின் முடிவு சத்தத்தின் அளவைவிட வல்லுநர் அறிக்கையைப் பொறுத்தே அமைகிறது. காரைத் தகுந்த சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. அதை மனுவிலேயே கேட்பது நல்லது.

செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை எனில் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமில்லை; 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய். வசிக்கும் இடத்திலோ பணிபுரியும் இடத்திலோ வழக்குத் தொடுக்கச் சட்டம் இடமளிப்பதால், ஓசூரிலோ சென்னையிலோ கார் வாங்கிய சிவாஜிநகர்வாசி பெங்களூரிலேயே முறையிடலாம். கால வரம்பு இரண்டு ஆண்டு. விற்பனையாளரின் தனிப்பட்ட தவறுக்குத் தயாரிப்பாளர் தானாகவே பொறுப்பாகிவிடுவதில்லை என்பதால் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேர்க்க வேண்டும். கடை அல்லது நிறுவனத்தின் பெயரில் கார் வாங்கும் வணிகர்கள் மேலும் கவனமாக இருக்க வேண்டும். வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்ற தடையைச் சுயதொழில் செய்து பிழைப்பவருக்கு மட்டுமே சட்டம் தளர்த்துகிறது. வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நாடினால் பல புகார்கள் அங்கேயே தீர்கின்றன.

இவை அனைத்துக்கும் அடிப்படை, பழுதுபார்க்க வண்டியை விடும்போது புகாரைப் பதியும் ஜாப் கார்டு. வாய்ச்சொல்லாகக் கூறப்பட்ட சத்தம் ஆணையத்தின்முன் இல்லாத சத்தம்தான். ‘பொதுச் சோதனை’ என்று எழுதுவதை ஏற்காமல், ‘எஞ்சின் சூடானபின் இரண்டாம் கியரிலிருந்து முதலுக்கு இறங்கும்போது கடகட ஒலி’ என்று உரிமையாளரின் சொற்களிலேயே பதியச் சொல்லி, கிலோமீட்டர் அளவையும் தேதியையும் சரிபார்க்க வேண்டும். சத்தம் எழும் அதே சாலையில் தொழில்நுட்பப் பணியாளரை உடனழைத்துச் சென்று ஓட்டிக் காட்டுவதும், கணினிச் சோதனையின் பிழைக்குறியீட்டு அறிக்கையைப் படியெடுத்து வாங்குவதும், ‘இது இயல்பு’ என்ற பதிலை மின்னஞ்சலில் தரக் கோருவதும் பின்னர் பெரிதும் உதவும். உத்தரவாதக் காலத்தில் எழுதப்பட்ட புகார், அக்காலம் முடிந்தபின் செய்யப்படும் பழுதுநீக்கத்துக்கும் வாதத் துணையாகிறது.

உத்தரவாதம் முடிந்தவர்கள் சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளை நாடுவது இயல்பே; கதவுக் கண்ணாடிக்கும் விளக்குக்கும் அது சிக்கனமான வழியும்கூட. மெக்கட்ரானிக் அவ்வாறானதன்று: வேறு காரில் கழற்றியதைப் பொருத்தினால், பொருத்தப்படும் காரின் கணினியோடு அதை இணைத்துக் கிளட்சின் பற்றுநிலையை மீண்டும் கற்பிக்கும் கருவி வேண்டும். உத்தரவாதம் மீதமிருக்கையில் இதைச் செய்வது கோரிக்கையை நிறுவனம் மறுப்பதற்கு நேரான காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. பழைய கார் வாங்குபவரோ, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அக்காரின் முந்தைய ஜாப் கார்டுகளை விற்பவரிடம் கேட்டு வாங்கி, கிளட்ச் எப்போது, எத்தனை கிலோமீட்டரில், யாருடைய செலவில் மாற்றப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். நீட்டித்த உத்தரவாதம் இருந்தால் அது தம் பெயருக்கு மாறுமா, அதில் கிளட்சும் மெக்கட்ரானிக்கும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதையும் எழுத்தில் பெற வேண்டும்.