காற்று சொல்லும் பொய்

பாழுங் கிணற்றில் கல்லைப் போட்டு, ஓசை வரும்வரை எண்ணி ஆழம் சொல்லும் பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். விண்கலத்தின் தூரத்தை அளப்பதும் ஏறக்குறைய அதே வித்தைதான். கல்லுக்குப் பதில் ரேடியோ அலை. ஆனால் நம் தலைக்கு மேலுள்ள காற்று அவ்வலையைத் தாமதப்படுத்துகிறது. கடல் மட்டத்தில் நேர் மேலே நோக்கினால், தூரம் சுமார் 2.3 மீட்டர் அதிகமாகத் தோன்றும். இதில் பெரும் பகுதி உலர்ந்த காற்றின் வேலை. பாரமானியைப் பார்த்தே கழித்துவிடலாம். நீராவியின் பங்கு சிறிது, தொல்லையோ பெரிது. நிமிஷத்துக்கு நிமிஷம், திசைக்குத் திசை அது மாறுகிறது.

2002-ம் வருஷம் ஜூன், ஜூலை மாதங்களில், சனிக் கிரகத்தை நோக்கிச் சென்ற காஸினி, நமக்குச் சூரியனின் பின்புறமாக இருந்தது. சூரியனை ஒட்டி வரும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறவேண்டும் என்பதை ஐன்ஸ்டைனின் சித்தாந்தம் சொல்கிறது. இத்தாலிய விஞ்ஞானிகள் மூவர் அதைச் சோதிக்க முனைந்தார்கள். சூரியனைச் சூழ்ந்த மின்னேறிய துகள்கள் வெவ்வேறு அதிர்வெண்களை வெவ்வேறு அளவில் பாதிப்பதால், வெவ்வேறு அலைவரிசைகளை ஒப்பிட்டு அக்குற்றத்தைக் களைந்தார்கள். நீராவியிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. அது அவ்விரு வரிசைகளையும் ஒன்றுபோலவே தாமதப்படுத்தும். ஆகவே கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில், 34 மீட்டர் வானலைத் தட்டின் அருகே தனிக் கருவிகளை நிறுத்தி, நீராவி தானாக வெளியிடும் மெல்லிய ரேடியோ அலைகளை அளந்து கணக்கைத் திருத்தினார்கள். பாலைவனத்திலேயே இந்தப் பாடு!

2003-ல் முடிவு வெளியாயிற்று. லட்சத்தில் சுமார் இரண்டு பங்கு நுட்பத்தில், ஐன்ஸ்டைன் கணக்கில் பிழை காணப்படவில்லை.